பதினாறு வயதோடு முடிந்துவிடுமா உயிர்காக்கும் உரிமை?

தோழர்களே!

பிறந்த குழந்தையைத் தேடி அரசின் ஊசி வருகிறது. பிறந்த அன்றே வருகிறது. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் என்று நாள் குறித்துக்கொண்டு வருகிறது. ஒன்பதாம் மாதம் வருகிறது. ஒன்றரை வயதை ஒட்டி வருகிறது. ஐந்து வயதில், பத்து வயதில், பதினாறு வயதில் வருகிறது. கிராமச் செவிலியர் பெயர் எழுதுகிறார், அட்டை தருகிறார், வராத பிள்ளையை வீடு தேடிச் சென்று அழைக்கிறார். காசு கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை, தகப்பன் என்ன தொழில் செய்கிறான் என்று கேட்பதில்லை. 1978ஆம் ஆண்டில் தொடங்கி, 1985ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் என விரிக்கப்பட்ட அந்தத் திட்டம், மக்கள் வரி கொடுத்து வாங்கிய நல்ல செல்வங்களில் ஒன்று. அதனைக் குறை கூற நாம் வரவில்லை. வாழ்த்துகிறோம், வாயார வாழ்த்துகிறோம்.

ஆனால், பதினாறு வயது நிரம்பிய மறுநாள் நடப்பதென்ன? அட்டை மூடப்படுகிறது. பெண்ணாக இருந்தால், அவள் கருவுறும்போது இன்னொரு முறை அரசின் நினைவுக்கு வருகிறாள்; அதுவும் வயிற்றில் வளரும் பிள்ளைக்காக! ஆணாக இருந்தால் அந்த நினைவும் இல்லை. பள்ளியை விட்டுப் பட்டறைக்குப் போகிறான், வயலுக்குப் போகிறான், சாக்கடைக்குப் போகிறான். ஆபத்து மிகுந்த இடத்திற்கு அவன் அடியெடுத்து வைக்கும் அதே வேளையில், அரசு தன் கையை எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகு அவனுக்கும் தடுப்பூசிக்கும் இடையே நிற்பது ஒரே ஒரு கேள்விதான்: "கையில் எவ்வளவு வைத்திருக்கிறாய்?"

குழந்தைக்கு உரிமை, பெரியவனுக்கு விலைப்பட்டியல்! இந்த அநீதியைப் பற்றித்தான் இந்த வாரம் பேச விழைகிறோம்.

மண்ணில் மறைந்திருக்கும் பகை

தடுப்பூசி என்றால் குழந்தைகளுக்கு உரியது என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். படித்தவர்களும் அப்படியே எண்ணுகிறார்கள். மருத்துவ நூல் அப்படிச் சொல்லவில்லை. ஊசி தந்த காப்பு சில நோய்களுக்கு ஆயுள் முழுதும் நிற்கும். சில நோய்களுக்கு ஆண்டுகள் செல்லச் செல்லத் தேயும். தேயும் காப்புக்கு ஊக்கத் தவணை வேண்டும். வேறு சில நோய்களோ முதியவரையும் நீரிழிவு உள்ளவரையும் பார்த்துப் பார்த்துத் தாக்குகின்றன. இன்னும் சில, செய்யும் தொழிலின் வழியாகவே உடலுக்குள் நுழைகின்றன.

டெட்டனஸ் என்னும் இசிவு நோயை எடுத்துக்கொள்வோம். நாட்டுப்புறத்தார் ரண ஜன்னி என்று அஞ்சிய நோய் அது. அந்தக் கிருமியின் வித்து மண்ணில் இருக்கிறது, சாணத்தில் இருக்கிறது, தெருப் புழுதியில் இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் சாகாமல் இருக்கிறது. மண்வெட்டி பட்ட காலின் புண் வழியே, முள் குத்திய துளை வழியே உள்ளே சென்று நஞ்சைக் கக்குகிறது. தாடை இறுகுகிறது, முதுகு வில்லாக வளைகிறது, மூச்சு அடைக்கிறது. ஒருமுறை வந்து பிழைத்தவனுக்குக்கூட மறுமுறை வராது என்ற உறுதி இல்லை. அந்த நோய் எதிர்ப்பாற்றலை விட்டுச் செல்வதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அம்மையும் போலியோவும் மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தாவுபவை. ஊரில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டால், போட்டுக்கொள்ளாத ஒருவனும் அவர்கள் நிழலில் தப்பிக்க வழியுண்டு. டெட்டனஸ் மண்ணிலிருந்து வருவது. பக்கத்து வீட்டுக்காரன் போட்டுக்கொண்ட ஊசி உன்னைக் காக்காது. ஊரே போட்டுக்கொண்டாலும் உன் உடம்பில் காப்பு இல்லையேல், உனக்குக் காப்பு இல்லை!

பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை டெட்டனசுக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஒரு ஊக்கத் தவணை பெரியவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சங்கங்கள் பரிந்துரைக்கின்றன. நம் வயல்காட்டில் இறங்கும் எத்தனை உழவர்களுக்கு இது சொல்லப்பட்டிருக்கிறது? 1985க்கு முன்னர் பிறந்த ஆண்மக்களில் பலர் குழந்தைப் பருவத்து அடிப்படைத் தவணைகளையே பெறாதவர்கள். காயம் பட்டதும் ஓடிச்சென்று "டி.டி. ஊசி" போட்டுக்கொண்டால் போதும் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். முன்பே அடிப்படைத் தவணைகள் பெற்றவனுக்கு அந்த ஊசி விரைந்து வேலை செய்யும். ஒன்றுமே பெறாதவன் உடலில் அது காப்பை எழுப்பப் பல நாட்கள் பிடிக்கும்; நஞ்சு அதுவரை காத்திருக்குமா?

தாய்க்கும் சேய்க்கும் வரும் டெட்டனசை இந்தியா ஒழித்துக்கட்டியது. 2015ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அதனை ஏற்று அறிவித்தது. தாய்மாரைத் தேடிச் சென்று ஊசி போட்டதால் வந்த வெற்றிகளுள் அது தலையாயது. அதே ஊசியைத் தகப்பனுக்குப் போட எந்தக் கை தடுக்கிறது?

கழிவில் இறங்குவோரும் கட்டிலில் கிடப்போரும்

அடுத்து, ஹெபடைடிஸ் பி. கல்லீரலைத் தின்னும் நச்சுயிரி. இரத்தத்தின் வழியும் உடல் நீரின் வழியும் பரவுவது. பல ஆண்டுகள் ஓசையின்றி உள்ளிருந்து, பின்னர் கல்லீரல் சுருக்கமாகவும் புற்றாகவும் வெளிப்படுவது. இந்தியாவில் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்த நச்சுயிரியை உடலில் சுமந்து வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. இதற்குத் தடுப்பூசி உண்டு, மூன்று தவணை, ஆறே மாதத்தில் முடிந்துவிடும். விலையும் மற்றவற்றோடு ஒப்பிட மிகக் குறைவு. குழந்தைகளுக்கான திட்டத்தில் இது நாடு முழுவதும் சேர்ந்தது 2011ஆம் ஆண்டை ஒட்டித்தான். அதற்கு முன் பிறந்த கோடிக்கணக்கானோர் இதைப் பெறவே இல்லை.

2018ஆம் ஆண்டில் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருத்துவப் பணியாளர்க்கு இதனைத் தர வழி செய்தார்கள், நன்று. ஆனால் மருத்துவமனையில் பயன்படுத்தி எறிந்த ஊசி குப்பையோடு குப்பையாகக் கலந்து வரும்போது, அதனைக் கையால் பொறுக்குகிறவர் யார்? தெருவின் கழிவைத் தோளில் சுமக்கிறவர் யார்? ஒப்பந்தக்காரரின் வருகைப் பதிவேட்டில் மட்டுமே பெயர் உள்ள அந்தத் தூய்மைப் பணியாளர் மூன்று தவணையையும் முடித்தாரா என்று எந்தப் பதிவேட்டில் பார்ப்பது? பெருந்தொற்று நாட்களில் அவர் காலில் பூத் தூவினார்கள், படம் பிடித்தார்கள், ஏடுகளில் போட்டார்கள். பூ வாடிவிட்டது. ஊசியோ, காப்போ, நிலையான வேலையோ வந்துசேர்ந்ததா?

வயது முதிர்ந்தவர் நிலையைப் பாருங்கள். இன்ஃபுளூயன்சா என்னும் சளிக்காய்ச்சலை "வந்து போகும் காய்ச்சல்" என்று இளைஞன் சொல்லலாம். எழுபது வயதுக் கிழவருக்கு அது நிமோனியாவாக முற்றுகிறது. இதயம் பழுதுற்றவருக்கு எமனாக நிற்கிறது. அந்த நச்சுயிரி ஆண்டுதோறும் உருமாறுவதால் ஊசியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கும் முதியோருக்கான ஊசி உண்டு. அக்கி நோய்க்கும் உண்டு. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல் என்று 2023ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கணக்கிட்டது. அவர்கள் அனைவருக்கும் இந்தத் தொற்றுகள் மற்றவரைவிடக் கூடுதல் ஆபத்து.

ஆனால் விலை? தனியார் மருத்துவமனையில் சளிக்காய்ச்சல் ஊசி ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. நிமோகாக்கஸ் ஊசி சில ஆயிரம். அக்கி ஊசி அதற்கும் மேல், அதுவும் இரண்டு தவணை. முதியோர் உதவித்தொகையை மாதம் முழுவதும் எண்ணி எண்ணிச் செலவிடும் பாட்டி இதை வாங்குவாளா? மாளிகையில் இருப்பவர் ஆண்டுதோறும் குடும்ப மருத்துவரை வீட்டுக்கே அழைத்துப் போட்டுக்கொள்கிறார். குடிசையில் இருப்பவர் காய்ச்சல் வந்தபின் கடன் வாங்கிக்கொண்டு ஓடுகிறார். கிருமி இருவரையும் ஒன்றாகவே பார்க்கிறது. ஆட்சி முறைதான் இருவரையும் வேறாகப் பார்க்கிறது!

முடியாததா இது?

"பெரியவர்கள் எல்லோருக்குமா? நடக்கிற காரியமா?" என்று கேட்பார்கள். நடந்த காரியம் ஐயா, நடந்த காரியம்!

1962ஆம் ஆண்டில் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தை இந்தியா தொடங்கியபோது, மூன்று ஆண்டுகளில் மக்களில் 80 விழுக்காட்டினருக்கு அம்மை குத்திவிட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். குழந்தைகளில் 80 விழுக்காடு அல்ல, மக்களில்! கிழவரும் குமரரும், கூலிக்காரரும் குடும்பத் தலைவியும் கையை நீட்டினார்கள். திட்டம் தடுக்கி விழுந்தது, திருத்தப்பட்டது, நோயாளியைக் கண்டுபிடித்து அவரைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் ஊசி போடும் முறையாக மாறியது. 1975ஆம் ஆண்டோடு பெரியம்மை இந்த மண்ணை விட்டு ஓடிற்று. 1980ஆம் ஆண்டில் உலகை விட்டே ஓடிற்று என்று அறிவிக்கப்பட்டது. இன்று தங்கள் தோளில் அம்மைத் தழும்போடு நடமாடும் முதியோர் அனைவரும் அந்த வெற்றிக்குச் சாட்சிகள்.

அவ்வளவு பின்னோக்கிப் போவானேன்? 2021ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் தொடங்கிய கொரோனா தடுப்பூசிப் பணி, 2022 ஜூலை 17ஆம் நாளில் 200 கோடித் தவணைகளை எட்டியது. அவற்றுள் மிகப் பெரும் பகுதி பெரியவர்களின் தோளில் ஏறியது. பள்ளிக்கூடத்தில் போட்டார்கள், திருமண மண்டபத்தில் போட்டார்கள், வயல்வெளிக்குச் சென்று போட்டார்கள். குளிர்பெட்டி இருந்தது, செவிலியர் இருந்தார், பதிவேடு இருந்தது, மக்கள் வந்தார்கள். ஆள் இல்லை, வழி இல்லை, பழக்கம் இல்லை என்று இனி எந்த அமைச்சரும் சொல்ல முடியாது.

நாய் கடித்தவன் அரசு மருத்துவமனைக்குப் போனால், அவன் வயதைக் கேட்டா வெறிநாய்க்கடி ஊசி போடுகிறார்கள்? இருபது வயதானாலும் போடுகிறார்கள், எழுபது வயதானாலும் போடுகிறார்கள். காசு வாங்காமல் போடுகிறார்கள். பெரியவருக்கு அரசு ஊசி போடலாம் என்ற கொள்கை அங்கே ஏற்கப்பட்டுவிட்டது. நாய் கடித்தால் மட்டும் குடிமகன், கிருமி கடித்தால் வாடிக்கையாளன் என்பது என்ன நியாயம்?

சந்தையிடம் விட்டால் நடப்பது

சந்தையே பார்த்துக்கொள்ளும் என்று கூறுவோர்க்கு 2021ஆம் ஆண்டின் மே மாதத்தை நினைவூட்டுகிறோம். இரண்டாம் அலையில் பிணங்கள் சுடுகாட்டு வாயிலில் வரிசையில் நின்ற மாதம் அது. அந்த மாதம் முதல் நாளிலிருந்து, 18 முதல் 44 வயது வரையிலானோர்க்கான ஊசியை மாநில அரசுகளும் தனியாரும் கம்பெனிகளிடம் நேரே பேரம் பேசி வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டது ஒன்றிய அரசு. ஒரே மருந்து, ஒரே குப்பி, ஒரே ஆலை! ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய். கோவிஷீல்டு மாநில அரசுக்கு 300, தனியாருக்கு 600. கோவாக்சின் மாநில அரசுக்கு 400, தனியாருக்கு 1,200. கண்டனம் எழுந்தபின் இறக்கிய விலைதான் மாநிலங்களுக்கான அந்த 300ம் 400ம். முதலில் கேட்டது 400ம் 600ம்! மருந்துக்காக மாநிலங்கள் உலகச் சந்தையில் ஏலம் கோரி நின்றன. பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகள், "ஒன்றிய அரசோடுதான் பேசுவோம்" என்று கதவைச் சாத்தின.

45 வயதினருக்கு இலவசம், 44 வயதினருக்கு விலை என்ற அந்தக் கொள்கை, முதல் நோக்கிலேயே தன்னிச்சையானது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று 2021 மே 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கூறிற்று. ஜூன் 7ஆம் நாள் பிரதமர் கொள்கையை மாற்றி அறிவித்தார். ஜூன் 21 முதல் ஒன்றிய அரசே வாங்கித் தந்தது. ஆனாலும் நான்கில் ஒரு பங்கு மருந்து தனியார் மருத்துவமனைக்கு என்று ஒதுக்கப்பட்டது. கோவாக்சினுக்கு அங்கே 1,410 ரூபாய் வரை வாங்கலாம் என்று அரசே அனுமதி தந்தது. அந்தக் கோவாக்சின் யாருடைய உழைப்பு? மக்கள் பணத்தில் நடக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அதன் புனே நச்சுயிரி ஆய்வு நிறுவனமும் கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கிய மருந்து அது. ஆராய்ச்சிக்கு மக்கள் பணம். ஊசிக்கும் மக்களிடமே பணம்!

பாடம் கற்றார்களா? 2022 ஏப்ரல் 10ஆம் நாள், 60 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெரியவர்களுக்கு மூன்றாம் தவணையைத் திறந்துவிட்டபோது, அதனைத் தனியார் மையங்களில் விலை கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். ஜூலை 15 முதல் 75 நாட்களுக்கு இலவசம் என்று அறிவிக்க வேண்டிய நிலை வந்தது. மக்கள் உயிர்காப்பை விலைக்கு விற்றுப் பார்ப்பதும், விற்காதபோது இலவசமாக்குவதும் கொள்கையா, கடை நடத்தும் வித்தையா?

பூட்டிய ஆலைகள்

விலை ஏன் இப்படி ஏறுகிறது? மருந்து செய்யும் கை எவருடையதோ, விலை சொல்லும் வாயும் அவருடையதே. ஒரு காலத்தில் அந்தக் கை மக்களுடையதாக இருந்தது. கசௌலியில் 1905இல் தோன்றிய மத்திய ஆராய்ச்சி நிறுவனம். குன்னூரில் 1907இல் தோன்றிய பாஸ்டர் நிறுவனம். சென்னை கிண்டியில் 1948இல் தோன்றிய பி.சி.ஜி. தடுப்பு மருந்து ஆய்வகம். வெறிநாய்க்கடிக்கும், டெட்டனசுக்கும், காசநோய்க்கும் நாட்டுக்கு மருந்து வடித்துத் தந்தவை இவை. மூன்றில் இரண்டு நம் தமிழ்நாட்டில் உள்ளவை என்பதை மறக்க வேண்டாம்.

2008 ஜனவரியில் இந்த மூன்றின் உற்பத்தி உரிமத்தையும் ஒன்றிய சுகாதாரத் துறை நிறுத்திவைத்தது. நல்ல உற்பத்தி நெறிமுறைக்குத் தக்கபடி கட்டடமும் கருவியும் இல்லை என்பது காரணம். நெறிமுறை வேண்டும், மறுப்பாரில்லை. ஆனால் கூரை ஒழுகினால் வீட்டுக்காரன் கூரையை வேய்வான். அடுப்பை அணைத்துவிட்டு ஒட்டலில் சாப்பாட்டுக்குச் சொல்லிவைப்பானா? பழுது பார்த்துப் புதுப்பிக்க வேண்டிய பொதுத்துறையை நிறுத்தினார்கள். நாட்டின் தேவைக்குத் தனியாரிடம் கையேந்தினார்கள். எதிர்ப்பு எழுந்து, வழக்கு எழுந்து, 2010இல் அந்த ஆணை விலக்கப்பட்டது. அதற்குள் இழந்த காலமும் சந்தையும் யாருக்கு லாபமாயிற்று என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

செங்கல்பட்டு கதை இதைவிடக் கொடிது. எச்.எல்.எல். பயோடெக் என்ற ஒன்றிய அரசு நிறுவனத்தின் பெயரில், பல நூறு கோடி ரூபாய்ச் செலவில், ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் அங்கே எழுப்பப்பட்டது. 2021இல் நாடே ஊசிக்கு ஏங்கி வரிசையில் நின்றபோது, அந்த வளாகத்திலிருந்து கொரோனா ஊசி ஒரு குப்பிகூட வெளிவரவில்லை. ஆலையைக் குத்தகைக்குத் தந்தால் தானே இயக்குவதாகத் தமிழ்நாட்டு அரசு அந்த மே மாதம் ஒன்றிய அரசுக்கு எழுதிற்று. நெருக்கடி தீரும் வரையில் அந்தக் கதவு திறக்கவில்லை. "உலகின் மருந்தகம்" என்று மார்தட்டும் நாட்டில், மக்களுக்குச் சொந்தமான ஆலை மௌனமாக நின்றது. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

ஐயமும் வதந்தியும்

நம் பக்கத்திலும் பேசித் தீர்க்க வேண்டியது ஒன்றுண்டு. பெரியவர்களுக்கு ஊசி என்றதும் ஐயம் கிளம்புகிறது. ஐயம் கொள்வது குற்றமன்று. முதலமைச்சர் பதவியை விட்டு விலகிய மறு ஆண்டில், 1955இல், ராஜாஜி பி.சி.ஜி. ஊசியைத் தாம் ஏன் எதிர்க்கிறார் என்று நூலே எழுதினார். நாடெங்கும் வாதம் நடந்தது. அந்த வாதத்தைத் தீர்த்தது யார்? மேடையில் உரக்கப் பேசியவரல்லர். 1968இல் நம் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடம் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் நடத்திய ஆய்வுதான் விடை சொல்லிற்று: பெரியவருக்கு வரும் நுரையீரல் காசநோயை அங்கே பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பது அந்த விடை. அதே ஊசி, குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கி வரும் கொடிய காசநோயைத் தடுக்கிறது என்று பிற ஆய்வுகள் காட்டியதால், அது குழந்தைகளுக்குத் தொடர்கிறது. 2024இல், ஆபத்து மிகுந்த பெரியவர்களுக்கு மறுபடியும் பி.சி.ஜி. போட்டுப் பார்க்கும் ஆய்வைப் பல மாநிலங்களில் தொடங்கினார்கள். கேள்வி கேட்பதும், சோதிப்பதும், முடிவு கசப்பாக இருந்தாலும் வெளியிடுவதும்தான் அறிவியலின் நேர்மை. அந்த முடிவுகளை மறைக்காமல் மக்கள் முன் வைக்க வேண்டும் என்றும் கேட்கிறோம்.

வதந்தி வேறு. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக், ஊசி போட்டுக்கொண்ட இரண்டே நாளில் மாரடைப்பால் மறைந்தார். மக்களை ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லித் தாமே முன்வந்த நல்ல உள்ளம் அது. அவர் மறைவுக்கு ஊசி காரணமன்று என்று ஒன்றிய அரசின் ஆய்வுக் குழு பின்னர் முடிவு கூறிற்று. அதற்குள் வதந்தி எத்தனை வீட்டுக் கதவைச் சாத்திவிட்டது! வதந்திக்குத் தீனி போடுவது ஆட்சியின் மௌனம். எந்த ஊசியும் கோடியில் சிலருக்குத் தீங்கு செய்யக்கூடும். கோவிஷீல்டு மிக அரிதாக இரத்த உறைவை உண்டாக்கும் என்பதும் அறியப்பட்ட செய்தி. அதை முன்கூட்டியே எளிய தமிழில் சொல்ல வேண்டும். தீங்குற்ற குடும்பத்தைத் தாங்க வேண்டும். ஊசி போட்டுக்கொள் என்று மூலைக்கு மூலை முழங்கிவிட்டு, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில், அது அவரவர் விருப்பம், தமக்குப் பொறுப்பில்லை என்ற பொருளில் மனுத்தாக்கல் செய்த அரசை மக்கள் எப்படி நம்புவர்? யாரையும் வலுக்கட்டாயமாக ஊசி போட்டுக்கொள்ளச் செய்ய முடியாது என்று 2022 மே மாதம் அந்த நீதிமன்றம் கூறியது சரியே. நாம் கேட்பதும் கட்டாயமன்று. விரும்பும் ஏழைக்கு மருந்து கைக்கு எட்டட்டும் என்கிறோம். பணம் உள்ளவனுக்கு மட்டுமே விருப்பம் என்ற நிலை ஒழியட்டும் என்கிறோம்.

பணம் எங்கே என்பார்க்கு

"எல்லாவற்றுக்கும் பணம் வேண்டுமே" என்பார்கள். 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையில், 2025க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 விழுக்காட்டைப் பொது மருத்துவத்துக்குச் செலவிடுவோம் என்று எழுதிவைத்தவர்கள் இவர்களே. கெடு வந்தது, போயிற்று, இலக்கு எட்டப்படவில்லை. பணம் இல்லை என்பதைவிட, அந்தப் பணம் இங்கே வரவில்லை என்பதே பொருத்தம். பிரேசில் நம்மைப்போல் ஏழைகள் நிறைந்த நாடு. 1973இல் தன் தேசியத் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. 1999 முதல் முதியோருக்கு ஆண்டுதோறும் இலவசமாக இன்ஃபுளூயன்சா ஊசி போட்டு வருகிறது. ஹெபடைடிஸ் பி ஊசியைப் பெரியவர்களுக்கும் தருகிறது. இங்கிலாந்தில் 65 வயது நிறைந்தவர் சளிக்காய்ச்சலுக்கும் நிமோகாக்கசுக்கும் காசின்றி ஊசி பெறுகிறார். அங்கெல்லாம் அரசு கஜானா கவிழ்ந்துவிடவில்லை. குடும்பத் தலைவன் ஒருவன் நிமோனியாவில் படுத்தால் கூலி போகிறது, நகை அடகு போகிறது, பிள்ளை படிப்பு போகிறது. அந்தச் செலவை எந்த நிதியமைச்சரின் ஏடு கணக்கெழுதுகிறது?

ஆகவே நாம் கேட்பவை இவை:

ஒன்று: குழந்தைக்கு இருப்பதுபோல் பெரியவருக்கும் அரசின் தடுப்பூசி அட்டவணை வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசின்றிக் கிடைக்க வேண்டும். டெட்டனஸ், தொண்டை அடைப்பான் ஊக்கத் தவணையை எல்லோருக்கும் உடனே தொடங்கலாம். குழந்தைகளுக்கான அதே மருந்து அங்கே குளிர்பெட்டியில் இருக்கிறது.

இரண்டு: தூய்மைப் பணியாளர், மருத்துவமனை ஒப்பந்தத் தொழிலாளர், கழிவு பொறுக்குவோர் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி மூன்று தவணையும் வேலை கொடுப்பவர் பொறுப்பில் முடிய வேண்டும், ஒப்பந்தக்காரர் தப்பிக்க வழியிருக்கக் கூடாது.

மூன்று: 60 வயது கடந்தோருக்கும், நீரிழிவு, இதய நோய், நுரையீரல் நோய் உள்ளோருக்கும் சளிக்காய்ச்சல், நிமோகாக்கஸ் ஊசிகளைப் படிப்படியாக இலவசத் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

நான்கு: குன்னூர், கிண்டி, கசௌலி, செங்கல்பட்டு ஆகிய பொதுத்துறை நிறுவனங்கள் முழு ஆற்றலோடு மருந்து வடிக்க நிதியும் ஆணையும் வேண்டும்.

ஐந்து: தீங்கு நேர்ந்தால் மறைக்காத கண்காணிப்பும், வழக்காடி அலையாமல் கிடைக்கும் இழப்பீடும் வேண்டும்.

தோழர்களே! இவை அறிக்கையில் எழுதி அடுக்கிவைக்கும் கோரிக்கைகள் அல்ல. உங்கள் கிளையில் எத்தனை பேர் கடைசியாக எப்போது டெட்டனஸ் ஊசி போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பலர் விழிப்பார்கள். உங்கள் ஊர்த் தூய்மைப் பணியாளரின் பெயரை முதலில் கேட்டறியுங்கள். பிறகு அவர் ஊசி போட்டாரா என்று கேளுங்கள். மே முதல் நாள் கூடும் கிராம சபையில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். உழைப்பாளர் நாளுக்கு உழைப்பாளரின் உடலைப் பற்றிய தீர்மானத்தைவிடப் பொருத்தமானது வேறில்லை. வதந்தி பேசுவோரிடம் சினம் கொள்ளாமல் உட்கார்ந்து விளக்குங்கள். அஞ்சுகிற முதியவரைக் கைப்பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அம்மைத் தழும்பைத் தோளில் தாங்கிய தலைமுறை, தன் கையை நீட்டி ஒரு கொடிய நோயை உலகை விட்டே விரட்டிற்று. அன்று அந்தக் கையிடம் எவரும் விலை கேட்கவில்லை. இன்றும் கேட்கக் கூடாது. கேட்டால், கேட்கிறவர் யார், எவருக்காகக் கேட்கிறார் என்று மக்கள் மன்றத்தில் திருப்பிக் கேட்போம். விடை வரும்வரை கேட்போம்!